முன்னால் இடது சக்கரம் அக்காவுக்கு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு டயர் கடையில் கிடைத்தது. என் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு நீளமான பழைய கார், ஒரு காலத்தில் தெருவையே வாய்பிளக்க வைத்திருக்கும் சொகுசுக் கார். சக்கரத்துக்கு ஒருவராக நாலு பேர் நின்றுகொண்டு, காரின் கூரைக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தது அவ்வளவுதான். காற்றடித்ததும் வந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் புளுகு.

புளுகானாலும் ஒழுங்காகத் தொடங்க வேண்டுமே.

"டயர் என்பது ஒரு வட்டம். வாழ்க்கையும் அப்படியே ஒரு—" சீ, வேண்டாம்.

"மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்த டயர்கள்—" டயர் கதையில் மழை பெய்தால் யாராவது சறுக்கிச் சாக வேண்டும். எனக்கு அந்த அளவுக்குக் கல் மனசு கிடையாது.

மூன்றாவது தேறியது.

2

சாவதற்கு முன்னால் அப்பா சொன்னார்: "காருக்கு நாலு சக்கரம், எனக்கு நாலு புள்ளைங்க. கணக்கு சரியா இருக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க."

வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். முன்னால் இடது சக்கரம் அக்காவுக்கு, வலது பெரிய தம்பிக்கு. பின்னால் இரண்டும் நடுத் தம்பிக்கும் கடைசித் தம்பிக்கும்.

(நடுத் தம்பிக்கு என்ன குணம் கொடுப்பது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. அவனை எடுத்துவிடலாமென்றால் கார் மூன்று சக்கரத்தில் நிற்கும். ஆகவே அவன் கடை வாசலில் போன் பேசிக்கொண்டிருப்பான். கண்டுகொள்ளாதீர்கள்.)

அப்பா போன பிறகு கார் நின்ற இடத்திலேயே நின்று, டயரெல்லாம் பாளம்பாளமாக வெடித்துவிட்டது. கட்டி இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்ததும் பெரிய தம்பி கறாராகச் சொல்லிவிட்டான்: "இன்னிக்கு நாலு பேரும் ஒரே டயருக்கு ஒத்துக்கணும். இல்லன்னா நாளைக்குக் காலைல வண்டி பழைய இரும்புக்குப் போகுது."

அக்கா விடுவதாயில்லை. மூன்று ஆண்பிள்ளைகளோடு பிறந்த ஒரே பெண் அவள். அப்பா தன் பக்கத்தில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போன பிள்ளை அவள் மட்டும்தான்; தம்பிகளெல்லாம் பின் சீட்டு. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா கப்சிப்பென்று ஆகிவிடும். ஆனாலும் அந்த முன் சீட்டை நினைத்தால் கண் கலங்கிவிடுகிறது. அந்தக் கார் அவளுக்கு வேண்டும். கதையில் இருப்பது இந்த ஒரு ஆசைதான், வேறெதையும் தேடி அலையாதீர்கள்.

3

"எந்த மாதிரிம்மா வேணும்?" என்றார் டயர் கடைக்காரர்.

"சத்தமே வரக்கூடாது," என்றாள் அக்கா. "எங்கப்பா வண்டியில ஊசி விழுந்தா கேக்கும்."

"சத்தம் வந்தா காதா கழண்டுடப் போகுது? உழைக்கணும். பேரன் காலம் வரைக்கும் உழைக்கணும்," என்றான் பெரிய தம்பி.

"நீ ஓட்டற வேகத்துக்கு அடுத்த சிக்னலைத் தாண்டவே பேரன் காலம் ஆயிடும்," என்றான் கடைசித் தம்பி. "எனக்கு ரோட்டைக் கவ்விப் புடிக்கற டயர்தான். அவங்கவங்க சக்கரத்துக்கு அவங்கவங்களுக்குப் புடிச்சதைப் போட்டுட்டா சண்டையே இல்ல."

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ சாமி, ஒண்ணு கவ்வும், ஒண்ணு வழுக்கும். பிரேக் புடிச்சா வண்டி பம்பரமா சுத்தும். எல்லாம் ஒரே செட்டா இருக்கணும், குடும்பம் மாதிரி."

"எந்தக் குடும்பங்க ஒரே செட்டா இருக்கு?" என்றான் கடைசித் தம்பி.

[அம்மாவைச் சொல்ல விட்டுப்போயிற்று. அம்மா காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் எறங்கினா வண்டிய வித்துடுவீங்க, எனக்குத் தெரியாதா?" என்று அசைய மறுத்துவிட்டாள். கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார், தம்பிகள் கொஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாவோடு சேர்த்தே காரை லிஃப்டில் ஏற்றிவிட்டார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்கும் தெரியும். நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா? ஆகவே அம்மா இப்போது எல்லார் தலைக்கும் மேலே, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அந்தரத்தில் இருக்கிறாள்.]

4

காரைத் தூக்குவதற்கு முன் டிக்கியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்த ஸ்டெப்னியைக் கடைக்காரர் அப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

(உபரிச் சக்கரம் என்று எழுதிப் பார்த்தேன். எந்தக் கடையில் அப்படிச் சொல்கிறார்கள்? ஆனால் ஸ்டெப்னி என்று எழுதினால் வேறு வம்பு. கட்டின மனைவி இருக்க இன்னொரு குடும்பம் வைத்திருப்பவனைப் பற்றி நம் ஆட்கள் கண்ணடித்துப் பேசும்போதும் அதே சொல்தான். கதையை அந்தப் பக்கம் மட்டும் விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன். கதை கேட்டால்தானே.)

"இது புத்தம்புதுசா இருக்கே, ரப்பர் முடிகூட உதிரல!" என்றார் கடைக்காரர். "அட, இது நான் போட்டதுதான். எங்கியோ பார்த்த வண்டின்னு நெனச்சேன். நாலும் தேய்ஞ்சு கெடக்கு, ஸ்டெப்னிய மட்டும் ஏன் மாத்தறீங்கன்னு ஐயாகிட்ட கேட்டேன். சிரிச்சாரு. முன் சீட்லேர்ந்து ஒரு பொண்ணு எறங்கி வந்து, ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து இதை எடுத்துச்சு. நீங்கதானேம்மா அது?" சற்று யோசித்தார். "இல்ல, அது சின்ன வயசு. ஆனா இதே மூக்கு."

அக்கா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கடைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"டிரைவரா இருக்கும்," என்றான் பெரிய தம்பி.

"ஓட்டினது அப்பா. பக்கத்துல உக்காந்திருந்தது டிரைவரா?" என்றாள் அக்கா.

"பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கும்."

"நம்ம மூக்கோடயா?" என்றான் கடைசித் தம்பி.

(இந்த இடத்தில் கதையைக் காப்பாற்ற என்னால் ஆனதைச் செய்தேன். "'அடடா, நான் சொன்னது வேற வண்டிம்மா' என்று கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு—" அக்கா நம்பவில்லை. எழுதின எனக்கே நம்பிக்கையில்லை.)

5

கடைக்காரருக்கு வியாபாரம் முக்கியம். "நல்லதாப் போச்சு, சண்டையே வேணாம்! இதே டயர் நாலு போட்டா அஞ்சும் ஒரே செட். சத்தம் வராது, உழைக்கும், ரோட்டையும் கவ்வும். வெவரமான பொண்ணு அது."

பெரிய தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குச் சரி," என்றான். கடைசித் தம்பியும் சரி என்றான். வாசலிலிருந்து நடுத் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்; எதற்கென்று அவனுக்கே தெரியாது. மிச்சம் அக்கா ஒருத்திதான். அவள் சரி என்றால் கார் பிழைத்தது.

"அவ எடுத்த டயர்ல நான் போகணுமா?" என்றாள் அக்கா. "அதுக்கு இரும்புக் கடைக்கே போகட்டும்! முன் சீட்டு என்னோடது. அதுல எப்படி அவர் இன்னொரு புள்ளைய..." தலைமை ஆசிரியை டயர் கடையின் நடுவில் நின்று, சின்னப் பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதடி," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "அதையே போடச் சொல்லு. அவ நல்லதாத்தான் பார்த்து எடுத்திருப்பா."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியாம அந்த மனுஷன் என்னத்தைப் பண்ணினார்? ஆத்திரம் இல்லாமலா இருக்கும்? அதை அவர்கிட்ட காட்டியாச்சு. அவர் பண்ணினதுக்கு அந்தப் பொண்ணு என்னடி பண்ணுவா?"

6

முடிவுக்கு என்னிடம் சரக்கு இல்லாமலில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு "போடுங்க," என்கிறாள். (விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.)

அக்கா முடியவே முடியாது என்கிறாள். கார் இரும்புக் கடைக்குப் போகிறது, இறங்க மறுக்கும் அம்மாவோடு. (சிரிப்பு வருகிறது, பிறகு சிரித்ததற்கு வெட்கமாகிவிடுகிறது.)

அந்தப் பெண்ணே கடைக்குள் நுழைகிறாள். (சொல்லிவைத்தாற்போல் வருகிறவர்களை நான் உள்ளே விடுவதில்லை.)

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே, என்னைக் கேட்காமல் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ பேரு என்னம்மா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே குனிந்து சொன்னாள்: "

(மேற்கோள் குறியைத் திறந்துவிட்டேன், மூட வரவில்லை. எந்தப் பெயரை எழுதினாலும் அது என் புளுகாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர் இருக்கும். அதை இங்கே போட்டு ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். படித்ததும், கடைக்காரரிடம் அக்கா என்ன சொல்லுவாள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை என்னிடம் சொல்ல வேண்டாம்.