அளவுக்கு: கணவர்

1

இந்தக் கதை ஒரு படக்குறிப்பிலிருந்து வந்தது. நிலவியல் அறிக்கை ஒன்றில், பாறைச் சுவரின் படத்துக்குக் கீழே ‘அளவுக்கு: கணவர்’ என்று இருந்தது.

[பாறையை மட்டும் படம் எடுத்தால் அது மலையா கூழாங்கல்லா என்று தெரியாது. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் சுத்தியலோ பேனாவோ வைப்பார்கள். ஆள் கிடைத்தால் ஆள்.]

படத்தில் அவர் முகம் இல்லை, முதுகுதான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடல்—’

வேண்டாம். கடல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

அவள் நிலவியலாளர். கணவரை வங்கி ஊழியராகத்தான் முதலில் எழுதினேன். இரண்டு பக்கத்தில் சலித்துப்போனார். தையற்காரர் ஆக்கியதும் வாய் திறந்தார்.

“ஊரையே அளக்கிறவனை அளவுகோலா நிக்க வச்சிட்டியே.”

“அசையாதீங்க. அளவுகோல் பேசாது.”

வருடம் ஒருமுறை கடையைச் சாத்திவிட்டு, மனித வாடையே இல்லாத பள்ளத்தாக்குகளுக்கு அவளோடு போவார். அவள் பாறைத் துணுக்கைக் கடித்துப் பார்ப்பாள். பல்லில் நறநறத்தால் மணல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். “நான் சமைச்சா மட்டும் ருசி பாக்க மாட்ட” என்பார் அவர்.

3

அவள் மேசைமேல் இரண்டு படங்கள். இரண்டிலும் அதே சிவப்புப் பாறை அடுக்கு, அதே இடத்தில் அவர். மணமான புதிதில் எடுத்ததில் அடுக்கின் மேல்விளிம்பு அவர் உச்சந்தலையோடு சரியாக நிற்கிறது. போன மாதம் எடுத்ததில் தலைக்கு மேலே நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது.

வீட்டில் காட்டினாள்.

“பாறை வளந்திருக்கும். உடனே எழுதிப் போடு, பேர் வாங்கலாம்.”

“பாறை வளராதுங்க.”

“அப்ப காலடியில மண்ணு அரிச்சிருக்கும்.”

“நீங்க நின்னது கெட்டிப் பாறைமேல.”

அவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

4

[இங்கே ஒரு மருத்துவரைக் கொண்டுவந்தேன். அவருக்கு வேலையில்லை, அடித்து நீக்கிவிட்டேன்.]

அவள் புதுப் படத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை பாறையை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தாள். முதுகு வளைந்தவருக்குச் சாதாரணச் சட்டை பின்னால் தூக்கும், முன்னால் தொங்கும். பின்பக்கத் துணியை நீளமாகவும் முன்பக்கத்தைக் குட்டையாகவும் வெட்ட வேண்டும். தையற்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? படத்தில் முதுகு வளைந்திருந்தது. சட்டையின் பின்விளிம்பு மட்டும் தூக்காமல் நேராக விழுந்திருந்தது.

தெரிந்தேதான், தனக்குத்தானே அப்படி வெட்டியிருக்கிறார்.

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுவ.”

“அந்த மலை ஏத்தம் உங்களால முடியுமா?”

“நிக்க முடியும். அங்க என் வேலையே நிக்கிறதுதானே.”

5

முடிவு ஒன்று: அடுத்த பயணத்துக்குச் சுத்தியலை அளவுக்கு வைத்துக்கொண்டு தனியாகப் போகிறாள். எழுதிப் பார்த்தேன். படங்கள் துல்லியமாக வந்தன. பாறையைக் கடித்தபோது கேலி செய்ய யாருமில்லை.

முடிவு இரண்டு: அவரையும் அழைத்துப் போகிறாள். ‘அளவுக்கு: கணவர், உட்கார்ந்த நிலையில்.’ எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கடைசி ஏற்றத்தில் அவர் கால்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டி வாசலில் நிற்கிறது. அவள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். தையற்காரர் தொப்பி போட்டுக்கொண்டு, கதவு நிலையில் முதுகை ஒட்டி, உயரம் அளக்கக் காத்திருப்பவர்போல விறைத்து நிற்கிறார்.

அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம். அப்படி நிமிர்ந்து அவரால் நெடுநேரம் நிற்க முடியாது.