லூசியின் நாக்கு

லூசி உறைக்கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பூவாளியோடு நின்ற அம்புரோஸ் அவள் முகத்தையே பார்த்தான்.

"நல்லாதான் இருக்கு. ஊத்துங்க."

தெலுக் பங்லிமா காராங்கில் இந்த இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஆறு வருஷம். கடல் நாலு மைல் தள்ளித்தான். ஆனாலும் இந்தப் பக்கத்து மண்ணை நம்ப முடியாது. லூசி ருசி பார்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செடிக்குப் போனதில்லை.

"எம் பொண்டாட்டி நாக்குதான் மீட்டர்" என்று காய் ஏற்ற வரும் லோரிக்காரனிடம் பீற்றிக்கொள்வான் அம்புரோஸ். "அதுல வேற என்னென்னமோ வரும் பாஸ், அதக் கேக்காதீங்க லா."

தொண்ணூற்றெட்டில் வானம் மூன்று மாதம் கண் திறக்கவில்லை. பக்கத்து நாகையாவின் குட்டை வெடித்துக் கிடந்தது. இவர்கள் கிணறு மட்டும் வற்றவில்லை. வற்றாதது போக, ஏறவும் செய்தது. ஒருநாள் காலையில், ஒருநாள் மத்தியானத்தில், சத்தமில்லாமல் ஒரு சாண் ஏறும், பிறகு இறங்கும். அடியில் யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல. லூசி மாதாவின் கருணை என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆனால் பயத்தங்கொடியின் இலையோரம் தீய்ந்தது. வெண்டி பிஞ்சிலேயே சுருண்டது. அம்புரோஸ் உரத்தை மாற்றினான், மருந்தை மாற்றினான். இரண்டு முறை நட்டதும் போயிற்று. கடைசி விதையில் முளைத்த ஒரு பாத்தி நாற்றுதான் மிச்சம். அதுவும் போனால் விற்பது இருக்கட்டும், சட்டிக்கே காய் இல்லை. நிலத்தை விட்டுவிட்டு ஏதாவது தொழிற்சாலையில் கேட்டைத் திறந்து மூடும் ஜாகா வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து அம்புரோஸின் தங்கை பிலோமினா வந்தாள். லூசி கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தவள் வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"அண்ணி! சீனி டப்பா எது, உப்பு டப்பா எதுன்னு தெரியாத அளவுக்கு வயசாயிடுச்சா?"

அம்புரோஸ் சிரித்துக்கொண்டே தன் கோப்பையைக் காலி செய்தான். லூசியும் குடித்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

பிலோமினா கிணற்றிலிருந்து இறைத்து வைத்திருந்த பானைத் தண்ணீரை மொண்டு வாயில் விட்டாள். முகம் மாறியது.

"அண்ணே, இது கடல் தண்ணி. நெஜமாவே உங்க ரெண்டு பேருக்கும் தெரியலையா?"

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்த தன் வீட்டுத் தண்ணீர் போத்தலை நீட்டினாள். லூசி ஒரு வாய் குடித்தாள். அதில் ஒன்றுமே இல்லை. வெறும் வாயை மென்றதுபோல இருந்தது. அவளை அறியாமலே கை பானைப் பக்கம் போயிற்று.

வெயில் சாயும் நேரம் அம்புரோஸ் பாத்தியருகே நின்றான். பூவாளி நிரம்பியிருந்தது. நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன.

"அவ டவுன்காரி, அவளுக்கு என்னா தெரியும்? நீ சொல்லு லூசி." குரல் கெஞ்சியது. "ஊத்தலாமா?"

லூசி கிணற்றுக்குள் குனிந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாளியில் மொண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். நல்லாதான் இருந்தது. காலையில் இருந்ததுபோலவே. நேற்றுபோலவே.

விரலை எடுக்காமலே மறுபடி உள்ளே பார்த்தாள். மேல் உறையின் ஈரத்தில், சட்டைப் பொத்தான் அளவு கடற்கரைச் சேற்று நண்டு ஒன்று, ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.