குழிக்கு மேலே நின்றவன்

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. அமெரிக்காவில் டொலிடோ நகரத்து முன்னாள் படைவீரர் மன்றத்தில், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனபோது டார்லா சொல்லக் கேட்டேன். தெருவுக்கடியில் ஆள் இறங்கும் குழிகளுக்குள் மின்கம்பி இணைக்கும் கம்பெனியில் அவள் மேற்பார்வையாளர். படையிலிருந்து வந்தவர்களைத் தொழில் பழக எடுத்துக்கொள்வதில் அவளுக்குப் பெருமை. "அவங்களுக்கு ஒரு தொழில், எங்களுக்குப் பாதியில ஓடாத ஆளு" என்பாள்.

2

நான் எழுதிப்பார்த்த முதல் தொடக்கம்: 'முப்பத்தொன்பது வயதில் வெண்டல் ஹேச்சர் மீண்டும் மாணவனாகி, ஒளிமயமான...' (அரசு விளம்பரம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'போரில் அவன் யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒருமுறை பாலத்தடியில்...' (போரை நான் பார்த்ததில்லை, எதற்கு வம்பு? முதல் வாக்கியம் மட்டும் உண்மை.)

3

படையிலிருந்து வந்து டார்லாவின் கம்பெனியில் சேர்ந்த வெண்டலுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் ரீஸ். வயது இருபத்தைந்து.

"சார்ஜென்ட், டோனட் வாங்கியாச்சா? இல்ல, அதுக்கும் ஒரு படைய அனுப்பணுமா?"

"வாங்கியாச்சு பாஸ். நீங்க தின்னா குழிக்குள்ள எறங்க முடியாதுன்னு நானே தின்னுட்டேன்."

குழிக்குள் ஒருவன் இறங்கினால் மேலே ஒருவன் நிற்க வேண்டும். விடாமல் பேச்சுக்கொடுக்க வேண்டும். பதில் நின்றால் தீயணைப்புப் படையை அழைத்துவிட்டு, அவன் இடுப்பில் கொக்கியால் மாட்டிய கயிற்றை மேலேயுள்ள உருளையில் சுற்றி ஆளை இழுக்க வேண்டும். என்ன ஆனாலும் உள்ளே இறங்கக் கூடாது. வெண்டல் முதலில் படித்த பாடமே இதுதான்.

ஒருநாள் குழிக்குள் இறங்கிய ரீஸ், கம்பிகளில் சிக்குகிறதென்று கயிற்றைக் கழற்றினான்.

"பாஸ், கயிறு."

"அதிகாரம்லாம் படையோட போச்சு சார்ஜென்ட். உங்க கத்துக்குட்டி வேலைய மட்டும் பாருங்க."

முதல் வருடத்துக்காரன் அதற்குமேல் எதிர்த்துப் பேசுவதில்லை. வெண்டலும் எதிர்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ விஷவாயு கசிந்தது. கீழேயிருந்து பதில் நின்றது.

4

(இங்கே அவனை உள்ளே குதிக்கவைத்து எழுதினேன். அருமையாக வந்தது. கிழித்துவிட்டேன், ஏனென்றால் அவன் குதிக்கவில்லை.)

போன் செய்தான். கயிற்றைச் சுற்றினான். வெறும் கொக்கி மேலே வந்தது. குழி விளிம்பில் மண்டியிட்டு, தீயணைப்பு வண்டி வரும்வரை "ரீஸ், ரீஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வெண்டல் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

5

டார்லா வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க செஞ்சதுதான் சரி, வெண்டல். எறங்கியிருந்தா ரெண்டு பொணம்."

"தெரியும்."

"திங்கக்கிழமை வேலைக்கு வாங்க. இத விட்டா உங்களுக்கு வேற வேலை இல்ல."

"அதுவும் தெரியும்." பிறகு கேட்டான்: "நல்லாத்தான் கத்துக்கிட்டேன், இல்ல?"

டார்லா காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

6

முடிவுகள். ஒன்று: அவன் இறங்குகிறான், இருவரும் சாகிறார்கள். வெண்டல் இதைத்தான் கேட்பான் என்று பயமாக இருக்கிறது. இரண்டு: ரீஸ் பிழைக்கிறான். பொய் எழுத எனக்குக் கூசுகிறது. மூன்று: வெண்டல் வேலைக்குப் போகிறான், வேறொருவன் குழியில் இறங்குகிறான், வெண்டல் மேலே நின்று பேச்சுக்கொடுக்க வாயைத் திறந்து...

இதற்குமேல் எழுத வரவில்லை. கதையில் இப்போது திங்கட்கிழமை காலை. வெண்டல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் டார்லாவின் வண்டி நிற்கிறது. அவனைக் கட்டிலைவிட்டு எழவைத்துக் கூட்டிப்போக என்னால் ஆகாது. நீங்கள் முயன்று பாருங்கள். ஆனால் அவன் செய்தது சரி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.