வெள்ளையாக விட்ட தெரு

"நம்ம தெரு என்ன கலர்ல இருக்கு, சொல்லு?" என்று அம்மா ஒரு தடவை இளைய மகளைக் கேட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை. மகளின் செல்போனில் இருந்த வெள்ள வரைபடத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை.

"வெள்ளைம்மா. ஆத்தோரம் சிவப்பு, சந்தைப் பக்கம் மஞ்சள்."

"அப்ப நாம தப்பிச்சோம்."

முட்டி வலிக்கு மாடிப்படி ஆகாது. அந்த வாரமே அம்மாவின் கட்டிலைக் கீழறைக்கு, மகளின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

மழை வந்தபோது தண்ணீர் கட்டிலைத் தூக்கியது, மெஷினை முழுங்கியது. அம்மாவைக் கதவுப் பலகையில் கிடத்திச் சுமந்துபோய், அக்கா வீட்டு மாடியில் சேர்த்தார்கள்.

அந்த வரைபடத்தைப் போட்டதே அக்காவின் புருஷன் வேலை பார்க்கும் அலுவலகம்தான். எந்தத் தெருவுக்கு வடிகால், எங்கே பம்பு என்று இன்றைக்கு நடக்கும் கூட்டத்தில் அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். தங்கள் தெருவுக்கு அதில் நிறம் ஏறாவிட்டால் அம்மாவை எந்த தைரியத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போவது? விடிந்ததும் விடியாததுமாக இளைய மகள் அக்கா வீட்டு மாடியில் போய் நின்றாள்.

அத்தான் கூட்டத்துக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, வெள்ளத்து மகாராணி!"

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கலாம். வெள்ளைன்னா என்ன அர்த்தம் அத்தான்?"

"உங்க தெருவுல மேடு பள்ளம் அளக்கவே இல்லைன்னு அர்த்தம். அளக்காத இடத்துக்கு எப்படிக் கலர் போடுறது?"

"ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்லையா?"

"நான் முதல்ல சாம்பல் கோடு போட்டு, 'இங்கே அளக்கவில்லை'ன்னு எழுதித்தான் வெச்சேன். ஜனங்க குழம்புவாங்க, எல்லாருக்கும் புரியுற மாதிரி எளிமையாக்குன்னு மேல சொன்னாங்க. எடுத்துட்டேன்."

"எங்களுக்குப் புரியணும்னு எங்களையே அழிச்சீங்களா?"

"மெதுவா. அத்தை உள்ள படுத்திருக்காங்க."

"கேக்கட்டும்! கட்டில் மிதந்தப்ப தொண்டை கிழியக் கத்தினேனே, அது யாருக்குக் கேட்டுச்சு? சொந்த மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய்க்குப் பூட்டா போட்டிருந்தாங்க?"

அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "மேல சொன்னா அவர் என்னடி பண்ணுவார்?"

"நீ பேசாத. மாடியில உக்காந்துகிட்டு எல்லாரும் நியாயம் பேசலாம்." மறுபடி அத்தானிடம் திரும்பினாள். "போனது போகட்டும். அந்தச் சாம்பல் கோட்டைத் திரும்பப் போடுங்க. எங்க தெருவை அளக்கலன்னு கூட்டத்துல வாயைத் திறந்து சொல்லுங்க. அது போதும்."

அத்தான் சட்டையைத் திருப்பிப் போட்டார். "பரிசு வாங்கின மேப். பாதி ஊரை அளக்கலன்னு இப்ப சொன்னா என் தலைதான் உருளும். அடுத்த தடவை பார்க்கலாம்."

"அடுத்த தடவைன்னா, அடுத்த வெள்ளத்துக்கா?"

அத்தானின் கையில் இஸ்திரிப் பெட்டி காலரிலேயே நின்றது.

உள்ளறைத் திரை விலகியது. அம்மா துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ! சுவரைத் தடவித் தடவி மருமகனைக் கடந்தாள். "எங்கேம்மா கிளம்புற?" என்று அக்கா கையைப் பிடித்தாள். அம்மா விரல் விரலாக அதை விலக்கினாள். வாசலில் காலாலேயே துழாவிச் செருப்பைக் கண்டுபிடித்தாள்.

சட்டை தீய்கிற வாடை அறையெல்லாம் பரவியது. அம்மா படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தனக்கு ஆகாத அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனாள்.