ஜெபினின் மோட்சத்துக்கு இரண்டு பேர்

ஜெபினை மோட்சத்துக்கு அனுப்ப இரண்டு பேர் போட்டி போட்டார்கள். அவனைக் கக்கூஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக மட்டும் இருவரில் ஒருவருக்கும் நேரம் கிடைத்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவன் மனைவி ஜாய்க்குச் சிரிப்புத்தான் வரும். நல்ல சிரிப்பு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கு குளிக்கப் போன இடத்தில் ஜெபினின் காற்றுக் குழாய் மடங்கிக்கொண்டது. மூச்சு முட்டி, ஆழத்திலிருந்து நின்று நின்று ஏறவேண்டியவன் ஒரே வீச்சில் மேலே ஏறினான். பாதியிலேயே மயங்கி மறுபடியும் உள்ளே போனான். படகில் இருந்த மாரிராஜ் குதித்து அவனை இழுத்துவந்து போட்டான். உயிர் திரும்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

அந்தப் பயத்தில் மாரிராஜ் குடியை விட்டான், கடலை விட்டான், ஞானஸ்நானம் எடுத்தான். இப்போது அவன் பாஸ்டர் மாரிராஜ். துறைமுகச் சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மைக் இல்லாத இடத்திலும் மைக்குக்குப் பேசுகிற குரல்.

இன்னொருவர் ஜாயின் சொந்த அண்ணன் ரொசாரியோ. இரண்டு விசைப்படகுகளுக்கு முதலாளி. மாதா கோயிலில் அவர் பெயர் இல்லாத பெஞ்சு கிடையாது. மின்விசிறியின் இறக்கைகளிலும் எழுதச் சொன்னார். அது சுற்றும்போது பெயர் தெரியவில்லை என்று மனம் நொந்து, சுவரிலும் ஒரு தடவை எழுதவைத்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"மாப்ள, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் உனக்குச் சக்கர நாற்காலி குடுக்கேன்" என்றார் ரொசாரியோ. "மேடையில வச்சு. பங்குச் சாமியாரும் இருப்பாரு."

"நாளைக்குப் பிரதர் நம்ம கூடத்துல சாட்சி சொல்லணுமே" என்றான் மாரிராஜ். "ஆத்துமாக்கள் காத்திருக்கு."

"நாற்காலியை இங்கனயே குடுத்தா என்ன, அண்ணே?" என்று கேட்டாள் ஜாய்.

"இங்கன யாரு பாக்கா?" என்றார் அண்ணன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

ஜெபின் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு பேருட்டயும் ஒண்ணு கேக்கேன். நான் இனிமே ஒருத்தனுக்கும் ஒரு நல்லதும் செய்ய ஏலாது. கிடந்தா கிடந்த இடம். எனக்கு மோட்சம் உண்டா, இல்லையா?"

ஜாய் இஞ்சி நறுக்குவதை நிறுத்திவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். இதை அவளிடம் அவன் கேட்டதே இல்லை.

"உண்டு மாப்ள! நீ படுற பாடே ஒரு புண்ணியம்லா. ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டுப் பொறுமையாக் கிட. இந்தா, ஜாய் உனக்குச் செய்யுதாளே, அவளுக்கு மோட்சத்துல முன்வரிசை இடம்."

மாரிராஜ் இரக்கத்தோடு தலையாட்டினான். "தப்பு அண்ணாச்சி. மனுஷன் செய்ற எதுவும் அவனைக் கரையேத்தாது. கிருபை ஒண்ணுதான், இலவசம். விசுவாசிச்சாப் போதும். சிஸ்டர் செய்றது, நீங்க குடுக்கிறது, நம்ம நல்ல காரியம் எல்லாமே கர்த்தருக்கு முன்னால அழுக்குத் துணி."

"அப்போ விசுவாசிச்சுட்டு உம்மை மாதிரிக் கையைக் கட்டிட்டு நிக்கவா? செயல் இல்லாத விசுவாசம் பிணம்வே!"

"பேரு எழுதின செயலா, அண்ணாச்சி?"

குரல்கள் ஏறின. ஜெபின் நடுவில் புகுந்தான்.

"ஏலே மாரி, அன்னைக்கு நீ குதிச்சு என்னைத் தூக்குனியே. அதும் அழுக்குத் துணிதானா?"

மாரிராஜ் தடுமாறினான். "அது... நான் இல்ல பிரதர். கர்த்தர் தூக்கினாரு."

"நான் கண்ணு முழிக்கும்போது கர்த்தர் வாயில சாராய வாடை அடிச்சுதுல" என்றான் ஜெபின். "நான் உன்னைக் கூப்பிடக்கூட இல்ல. எனக்கு நினைவே இல்ல. சும்மா கிடந்தேன், தூக்குன."

அப்போதுதான் கட்டில் பக்கமிருந்து வேறொரு வாடை வந்தது. ஜெபினின் முகம் சிறுத்தது. அவனுக்குத் தெரியாமலே அது நடக்கும்.

"ஒரு கை குடுங்க, புரட்டணும்" என்றாள் ஜாய்.

அண்ணனுக்கு முதுகுத் தண்டில் வலி ஞாபகம் வந்தது. மாரிராஜ் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினான். ஜாய் தனியாகவே கணவனைப் பக்கவாட்டில் உருட்டி, துடைத்து, விரிப்பை உருவி, வேறொன்றை விரித்தாள். முடித்ததும் அழுக்கு விரிப்பைச் சுருட்டி, கண்மூடி நின்ற மாரிராஜின் கைகளில் வைத்தாள்.

"அழுக்குத் துணின்னா இதுதான், பாஸ்டர். பிடிங்க."

ரொசாரியோ வயிறு குலுங்கச் சிரித்தார். ஜாய் அவர் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்காதண்ணே. முன்வரிசை இடம் எனக்கு வேண்டாம், உன் பேரை எழுதி நீயே உக்காந்துக்க. நான் மோட்சத்துக்காகத் துடைக்கல. துடைக்கலன்னா நாறும், அவருக்குப் புண்ணு வரும். அதுக்குத்தான்."

"நாளைக்கு மேடைக்கு..."

"வரல மச்சான்" என்றான் ஜெபின்.

ரொசாரியோ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். மறுநாள் அந்த நாற்காலி வேறு யாருக்கோ போயிற்று. படம் நன்றாக விழுந்ததாகச் சொன்னார்கள்.

மாரிராஜ் மட்டும் துணியோடு நின்றுகொண்டிருந்தான். அதைக் கீழே போட்டு, பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நழுவுவான் என்றுதான் ஜாய் எதிர்பார்த்தாள். அவனோ புழக்கடைக் குழாயடிக்குப் போனான். கஞ்சி போட்ட சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கசக்கத் தொடங்கினான். ஒரு வசனமும் சொல்லவில்லை.

"என்னளா செய்யுதான்?" என்று கட்டிலில் இருந்து கேட்டான் ஜெபின்.

"துவைக்கான்."

"மாரியா?" ஜெபினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சிரித்து ஓய்ந்தபின் கேட்டான்: "நான் கேட்டதுக்கு நீ என்ன சொல்லுத?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கையைத் தூக்குங்க, சட்டை மாத்தணும்."

மாரிராஜ் விரிப்பைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, ஈரச் சட்டையோடு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். ஜாய் போய்ப் பார்த்தாள். கறை அப்படியே இருந்தது.

"ஒரு துணி துவைக்கத் தெரியல, இவன் ஆத்துமாவை வெளுக்கப் போறானாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொடியிலிருந்து இழுத்து, மறுபடியும் சோப்பு போட்டாள்.