கத்திரிப்பூ நிறத்தில் ஒரு வண்டி

வண்டி விற்பனைக்கு என்று இணையத்தில் படம் போட்ட நாளிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. ஆனால் வாங்குகிற ஆள் ஒருவரும் இல்லை. ஒருத்தன் மைலேஜ் எவ்வளவு தரும் என்றான். இன்னொருத்தனுக்கு வண்டியே வேண்டாமாம், ஒரு மணி நேரம் கொடுத்தால் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுவானாம். ஷேர் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டவரும் உண்டு. எல்லோருக்கும் நான்தான் பதில் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவளுக்குக் கோபம் வராது. இப்போதெல்லாம் எனக்கு எதுவுமே வருவதில்லை என்பது வேறு விஷயம்.

பசுமலையில் எனக்கு டீச்சர் வேலை, வீடு கோச்சடையில். என் வீட்டுக்காரர் சிவபாண்டி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். வைத்திருந்தார் என்று சொல்வதுதான் சரி, கடையை இப்போது அவர் தம்பி பார்க்கிறார். இவருக்கு வேலை, வீட்டை ஒட்டிய ஷெட்டில் அந்த வண்டியோடு உட்கார்ந்திருப்பது. பேட்டரி இறங்கிவிடும் என்று சாயங்காலம் ஆனால் எஞ்சினைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். சோறு கூட அங்கேதான். இந்த வண்டி வாசலைத் தாண்டினால்தான் இந்த மனிதர் வீட்டுக்குள் வருவார் என்று எனக்குப் பட்டது. அதனால் விற்றுவிடலாம் என்றேன். சரி என்றார்.

"ஆனா ஒண்ணு. அந்த சீட்டக் கழட்டாம வச்சிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன்" என்றார்.

அந்த சீட்டில்தான் எல்லாச் சிக்கலும்.

வண்டி இங்கிலாந்தில் செய்த பழைய கார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், மேல் டாப்பை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ஏதோ ஒரு மில் துரை விட்டுப்போனது என்று சொல்லி, கோழி அடைகிற நிலையில் கிடந்ததை இவர் வாங்கி வந்தார். அப்போது எங்கள் மகன் சொக்கநாதன் சின்னப் பிள்ளை. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கிற நோய் அவனுக்கு. கால் போனது, பிறகு கை போனது, ஒருநாள் இதயத்துக்கும் வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இவர் அதைக் கேட்டுவிட்டு வந்துதான் வண்டியில் கை வைத்தார். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைத்தார், பிரேக்கை மாற்றினார். முக்கியமாக, இடது பக்க சீட்டை உயர்த்தி, கதவுப் பக்கம் அப்படியே திரும்புகிற மாதிரி செய்தார். சொக்குவைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி அதில் வைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் போட்டு, சீட்டை முன்பக்கம் திருப்பிவிட்டால் போதும். கண்ணாடிக்கு மேலே தலை தெரிய அவன் ராஜா மாதிரி வருவான். கத்திரிப்பூ நிறம் அவன் கேட்டது. கண்றாவியாக இருந்தது. அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேர் வண்டி என்பதால் நான் எப்போதும் வாசலில்தான். கிளம்பும்போது, "போயிட்டு வாரேம்மா!" என்று அவன் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கும். கை ஆட்ட முடியாது, அதையும் சேர்த்துக் குரலில் காட்டுவான். ஆஸ்பத்திரியில் என்னை விட்டுவிட்டு ஸ்கேன் அறைக்குள் கொண்டு போகும்போதுகூட அதே சத்தம்தான். நான் "போயிட்டு வாடா" என்று சொல்லாவிட்டால் வண்டியை எடுக்க விடமாட்டான்.

போன வருஷம் மாசி மாதம் ஒருநாள் பள்ளி முடிந்து வந்தேன். டாப் மடக்கியபடியே வண்டி வாசலில் நின்றது. இவர் படியில் உட்கார்ந்திருந்தார். எங்கே அவன் என்றேன். "தூங்குறான்" என்றார். அறையை எட்டிப் பார்த்தேன். போர்வை போர்த்திப் படுத்திருந்தான். வெளியே போய்விட்டு வந்தவனுக்குச் சளி பிடிக்கும் என்று ஃபேனைக் குறைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். பால் கொடுக்க எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லாம், தூக்கத்தில் போனான், கஷ்டப்படவில்லை, கொடுத்து வைத்தவன் என்றார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் என் பிள்ளை போய்க்கொண்டிருந்தான். இதில் யார் கொடுத்து வைத்தவர் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. தாய்க்காரி கல்லு மாதிரி இருக்கா பாரு என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். எனக்கே அப்படித்தான் இருந்தது.

உருப்படியாக வந்த முதல் ஆள் ஸ்ரீராம்குமார் என்ற ஆடிட்டர். கோயம்புத்தூரில் பழைய வண்டிகளாகவே ஐந்தாறு வைத்திருக்கிறாராம். கையுறை போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார். அடியில் குனிந்து பார்த்து, "பாடி வேலை பிரமாதம் சார்" என்றார். எஞ்சினைப் பார்த்து முகம் சுளித்தார். நிறத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரிஜினலா இருந்தா இது எங்கேயோ போயிருக்கும். பரவாயில்லை, நான் பழையபடி கொண்டு வந்துடுவேன். இந்த சீட் மட்டும் முதல்ல வெளியே எடுக்கணும். யார் சார் இப்படிப் பண்ணது?"

"நாந்தான்" என்றார் இவர். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. ஆடிட்டர் நல்ல மனிதர், போகும்போது தன் நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் உக்கிரபாண்டி. பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் அகலத் திருநீறு. வாசலில் செருப்பை விடும்போதே வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அடி ஆத்தி, நம்ம யாவாரத்துக்குன்னே அடிச்ச கலரு மாதிரில்ல இருக்கு!"

அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காரை வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில் ஏதோ எகத்தாளமாகப் பேசிவிட்டார்களாம். அந்த ரோஷத்தில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுவது, மகளுக்கு முடிந்தபின் ஊர் மாப்பிள்ளைகளுக்கெல்லாம் வாடகைக்கு விடுவது என்று கிளம்பி வந்திருக்கிறார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ரோஷத்தில் வாங்க வருகிறவர் மைலேஜ் கேட்க மாட்டார்.

இவர் கதவைத் திறந்து, சீட்டை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டினார். உக்கிரபாண்டி அசந்துவிட்டார்.

"மாப்ள, இது என்னா கூத்து! பட்டு வேட்டியும் மாலையுமா மாப்பிள்ள எறங்குறதுக்குள்ள நம்ம பயலுக வேட்டிய அவுத்துல்ல விட்டுருவாங்ஞ. இதுல அப்பிடியே திருப்பிவிட்டா நேரா மண்டப வாசல்ல கால வச்சிரலாம். ஒசரமா வேற இருக்கு, தெருவே பாக்கும். யாரோ கல்யாணத்துக்குன்னே யோசிச்சுப் பண்ணிருக்காங்ஞய்யா."

"இந்த சீட்டக் கழட்ட மாட்டீங்களே?" என்று கேட்டார் இவர்.

"கழட்டுறதா? இதுக்குத்தானய்யா வண்டியே வாங்குறேன்."

இவர் என்னைப் பார்த்தார். மாதக் கணக்கில் பார்க்காத பார்வை அது. முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் எஞ்சின் சத்தம் இருக்காது, கூடத்தில் இரண்டு தட்டு வைக்கலாம். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன், இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். உக்கிரபாண்டி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தங்கச்சி, தப்பா நெனக்கக் கூடாது. மங்கள காரியத்துக்கு ஏறுற வண்டி, அதான் கேக்குறேன். வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லிருக்கா. வண்டியில ஆக்சிடெண்டு, உயிர்ச் சேதம்னு எதுவும்..."

"அய்யோ, அப்படி எதுவும் கிடையாதுண்ணே" என்றேன். உண்மைதானே. வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

"இருக்கு" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் சீட்டில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார்.

"ஆக்சிடெண்டு இல்லண்ணே. ஆனா உயிர் போயிருக்கு. எம் மகன், இந்த சீட்டுலதான். பரவைக் கண்மாய்க்கரை ரோட்டுல போய்க்கிட்டிருந்தோம். கொக்கு எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுச்சு. இன்னும் வேகமாப் போப்பான்னு சிரிச்சான். நானும் மிதிச்சேன். சத்தத்தக் காணோமேன்னு திரும்பிப் பாத்தா தல சாஞ்சிருச்சு. பெல்ட்டு போட்டிருந்ததால அப்பிடியே உக்காந்துதான் இருந்தான். அப்பிடியேதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வழியில சிக்னல்ல ஒரு பிள்ள அவனப் பாத்துக் கை ஆட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு பொண்ணு வாழப் போற கல்யாணம்ண்ணே. மறச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல."

உக்கிரபாண்டி எழுந்தார். காப்பி அப்படியே இருந்தது. இவர் தோளில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனார்.

எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போன சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும், மறுபடி வர வேண்டியிருக்கும் என்பார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவதுதான் மரியாதை. வண்டி வாங்க வந்த மனிதர் கேதம் கேட்டுவிட்டுப் போகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

உறைத்ததும் வந்தது கோபம். எங்கே போயிருந்தது அத்தனை மாதமும், தெரியவில்லை. காப்பி டம்ளரைத் தூக்கி ஷெட் சுவரில் அடித்தேன்.

"தூங்குறான்னு சொன்னீங்க. நான் ஃபேனக் கொறச்சேன். செத்த பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு ஃபேனக் கொறச்சேன். பேப்பர் திருத்தினேன். பக்கத்துல இருந்தும் பாக்காம விட்டுட்டேனேன்னு இத்தன நாளும் நான் செத்துக்கிட்டிருக்கேன். வாயத் திறந்து சொன்னா என்ன உங்களுக்கு?"

"ஒரு மணி நேரமாச்சும் நீ அவன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இரு, அப்புறம் சொல்லுவோம்னு நெனச்சேன் செல்வி. அப்புறம் தூக்கத்துல போனான்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு வாய் வரல."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிதறின காப்பி சுவரில் வழிந்துகொண்டிருந்தது. அடிக்கலாம் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்காரலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். பிறகு, ஏன் என்று தெரியாமலே ஒன்று கேட்டேன்.

"அன்னிக்கி நான் வீட்டுல இல்ல. கிளம்பும்போது எதுவும் சொன்னானா?"

"சொன்னானே" என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல. "பூட்டின வீட்டப் பாத்து, போயிட்டு வாரேம்மான்னு கத்தினான். அம்மாதான் இல்லையேடான்னேன். பரவால்லப்பா, வந்தப்புறம் வீடு சொல்லிரும்னான்."

நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அது தானாகக் கொஞ்சம் திரும்பியது. அதில் உட்கார்ந்துதான் அழுதேன். பெல்ட் என் நெஞ்சுக்குப் பத்தவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. எஞ்சினை அன்று அவர் போடவில்லை. இருட்டியதும் உள்ளே வந்து, கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேருமே சொல்லவில்லை.

மறு வாரம் ஆடிட்டரை இவரே போனில் கூப்பிட்டார். ஸ்ரீராம்குமார் லாரியோடு வந்தார். சீட்டைப் பற்றி அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: இங்கேயே கழற்றிக் கொடுத்துவிடட்டுமா, வைத்துக்கொள்கிறீர்களா? இவர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். எங்க வாசலத் தாண்டுற வரைக்கும் அதுலயே இருக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

டாப்பை மட்டும் மடக்கிவிடச் சொன்னேன். மாசியிலிருந்து மூடியே கிடந்ததால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. லாரியின் பலகை வழியாக வண்டி மேலே ஏறி நின்றது. தெருவில் இரண்டு பேர் செல்போனை எடுத்தார்கள். ஆடிட்டர் கைகூப்பி, "அப்போ நான் போயிட்டு வரேம்மா" என்றார்.

லாரி நகர்ந்தது. அந்த உயரத்தில் இடது பக்க சீட்டின் தலைப்பாகம் மட்டும் கண்ணாடிக்கு மேலே தெரிந்தது.

"போயிட்டு வாடா" என்றேன். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.