இலைமேல் வைத்த கை

எல்லாரும் ஆசைப்பட்ட படத்துக்கு ஏன் ஒரே ஒரு கை உயர்ந்தது? பத்மஸ்ரீக்கு விளங்கவேயில்லை.

சென்னையிலுள்ள ஓர் ஓவிய ஏல நிறுவனத்தின் தூத்துக்குடிக் கிளையை அவள் நடத்திவந்தாள். பீச் ரோட்டில் மாடியில் ஒரு ஹால். முதல் ஏலத்துக்கு முன்னால் சில நாட்கள் படங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வந்த கூட்டமெல்லாம் ஒரே படத்தின் முன்னால்தான் நின்றது. முள்ளக்காட்டுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் சந்தனச்செல்வி வரைந்தது. ஆறடி அகலத் துணியில், உச்சிவெயிலில் ஓர் உப்பளம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. கிட்டே போகப்போக வெள்ளைக்குள் நீலம், நீலத்துக்குள் லேசான ரோஜா நிறம், பாத்தித் தண்ணீரில் காற்று தொட்டுப்போன சுருக்கம். பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். சொந்தமாக உப்பளம் வைத்திருக்கும் பெரியவர் மகாராஜா அண்ணாச்சி, ஏசி ஹாலுக்குள் நின்றுகொண்டு நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தார். அப்படிப் பிடித்தது அவருக்கே தெரியவில்லை. கப்பல் ஏஜென்ட் பாண்டியராஜ் நான்கு முறை வந்தார். கடைசி முறை, யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

ஏலத்தன்று பத்மஸ்ரீ தொடக்க விலையைச் சொன்னாள். அண்ணாச்சி கை தூக்கினார். அதோடு சரி. மற்றவர்கள் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள்.

ஏலத்தில் ஒரு கை போதாது. விற்பவரோடு பேசி, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஓர் அடிவிலையை ரகசியமாக வைத்திருப்பார்கள். தொடக்க விலை அதற்கும் கீழே இருக்கும். இரண்டு பேர் போட்டி போட்டு ஏறினால்தான் அடிவிலையைத் தாண்டும். அந்தக் கடற்கரையில் உப்புக்கு விலை இருந்தது, சங்குக்கு இருந்தது, மீனுக்குக் காலையிலேயே முடிவாகிவிடும். சந்தனச்செல்வியின் படத்துக்கு மட்டும் விலை என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. அதைப் பிறக்க வைப்பதுதான் ஏல நிறுவனத்தின் வேலை. அன்று அது நடக்கவில்லை. படம் சுவருக்கே திரும்பியது.

“இன்னொரு தடவை வைப்போம்” என்றாள் பத்மஸ்ரீ.

“அதுலயும் போகலன்னா?” என்று கேட்டாள் சந்தனச்செல்வி.

பத்மஸ்ரீ மறைக்கவில்லை. ஏலத்தில் இரண்டு முறை தோற்ற படத்தைக் கலைக்கூடங்கள் பல வருடம் தொடாது. ‘விலைபோகாதது’ என்ற பெயர் படத்தோடு நிற்காது, வரைந்தவர் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

“ஊர்க்காரனே வாங்கலன்னு சொல்லுவாக. அப்படித்தானக்கா?”

“அப்படித்தான்.”

பத்மஸ்ரீ முதலில் பாண்டியராஜிடம் போனாள். “நாலு தடவ வந்து பாத்தீங்க. ஏன் சார் கை தூக்கல?”

“அண்ணாச்சி தூக்கிட்டாகள்லா மேடம். அதுக்கு மேல நான் தூக்குனா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் அவுக பேத்தி கல்யாணம். அங்க போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?”

பிறகு அண்ணாச்சியிடம் போனாள். அவருக்கு வேறு மனத்தாங்கல். “ஒரு பயலும் தூக்கலயேம்மா. எனக்கு மட்டுந்தான் கண்ணு கெட்டுப்போச்சு போலுக்குன்னு நெனச்சேன். எவனாவது தூக்கியிருந்தா, அதுக்கு மேல எம்புட்டுக்கும் போயிருப்பேன்.”

ஆக, ஆளுக்காள் மரியாதை காட்டினார்கள். அந்த மரியாதை, படம் யாருக்கும் பிடிக்கவில்லை என்பதுபோல வெளியே தெரிந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் இதே ஊர் ஆட்கள்தானே தொண்டை கிழிய ஏலம் கேட்கிறார்கள்? அவள் யோசித்துப் பார்த்தாள். இன்றைக்கு ஒருவருக்கு விட்டால், நாளைக்கு வேறு மீன் வரும். மனக்கசப்பு மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். படம் அப்படியல்ல, ஒன்றே ஒன்று. அது ஒரு வீட்டுச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கி, யார் யாரை முந்தினார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

காரணம் தெரிந்துவிட்டது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அண்ணாச்சியின் பேத்தி கல்யாணத்தில் பத்மஸ்ரீயைப் பாண்டியராஜுக்கு எதிர்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாயசம் வந்தது. பாண்டியராஜ் பாயசம் கேட்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. பரிமாறுபவர் ஊற்றினார், சுற்றிவந்து மறுபடி ஊற்றினார், மூன்றாவது முறையும் ஊற்றினார். நான்காவது முறைதான் பாண்டியராஜ் இலைமேல் கையை வைத்து மறைத்தார். வரிசை முழுக்க அப்படித்தான் நடந்தது. இன்னும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். சும்மா இருக்க யாருக்கும் கூச்சமில்லை. பந்தியில் மௌனத்துக்கு ‘ஊற்று’ என்று அர்த்தம். கை அசைந்தால்தான் ‘போதும்’.

பத்மஸ்ரீ தன் இலையை மறைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். அதில் பாயசம் குளமாக நின்றது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்துவை வரவழைத்தாள். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடிக்கு அடியிலும் ஒரு காலிங்பெல் சுவிட்ச். அழுத்திப் பிடித்திருக்கும்வரை இணைப்பு இருக்கும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் வெளியே தள்ளி இணைப்பை அறுத்துவிடும். ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒரு ஒயர் அவளுடைய மேஜைக்கு வரும். அங்கே அவள் பக்கம் மட்டும் திறந்த மரப்பெட்டி, அதற்குள் நாற்காலிக்கு ஒன்றாக எண் போட்ட சின்னச் சின்ன பல்புகள்.

“கரண்டுல குடுக்க மாட்டேன், கார் பேட்டரிலதான் குடுப்பேன்” என்றார் பேச்சிமுத்து. “ஏலத்துக்கு நடுவுல கரண்ட் போச்சுன்னா எல்லாவனும் ஓடிட்டதா ஆயிரும்லா.”

இரண்டாவது ஏலத்துக்கும் அதே முகங்கள் வந்தன. சந்தனச்செல்வி கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“எல்லாரும் சுவிட்சை அழுத்திக்கோங்க” என்றாள் பத்மஸ்ரீ. “பிடிச்சிருக்கோ இல்லையோ, எல்லாரும். நான் விலையை ஏத்திக்கிட்டே போவேன். போதும்னா விரலை எடுத்துடுங்க. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வர முடியாது.”

“தூங்கிட்டா?” என்றார் அண்ணாச்சி.

“படம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி.”

சிரிப்பு அடங்கியது. பல்புகள் எல்லாம் எரிந்தன. அவள் முகம் கீழிருந்து வெளிச்சமாயிற்று.

விலை ஏறத் தொடங்கியது. ஒரு பல்பு அணைந்தது. பிறகு இரண்டு. ஹாலில் ஒரு தோள்கூட அசையவில்லை. பத்மஸ்ரீ நகரத்து ஏலங்களை நிறையப் பார்த்தவள். அங்கே ஒரு நேரத்தில் இரண்டு கைகள்தான் தெரியும். மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு ஹாலின் மொத்த ஆசையும் பெயரில்லாமல், முகமில்லாமல் ஒரே பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தது. அடிவிலையைத் தாண்டியபோதும் பாதிக்கு மேல் அணையவில்லை. ராத்திரியில் கடலுக்குள் நிற்கும் வள்ளங்களின் விளக்குகளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. அடுத்த தொகையைச் சொன்னாள்.

கடைசி வரிசையிலிருந்து பார்த்த சந்தனச்செல்விக்கு இதெதுவும் தெரியாது. அசையாத கூட்டத்தின் முன்னால் ஒரு பெண் தனக்குத்தானே தொகைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. தோற்றுப்போயிற்று, மறுபடியும் தோற்றுப்போயிற்று என்று நினைத்துச் சந்தனச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு பல்புகள் மிஞ்சின. விலை ஏறியது. இரண்டும் நின்றன. மறுபடி ஏறியது. ஒன்று மினுக்கியது, ஆனால் அணையவில்லை. பத்மஸ்ரீ அடுத்த தொகையைச் சொன்னாள்.

ஒன்று அணைந்தது.

சுத்தியல் மேஜையில் விழுந்தது. “வித்தாச்சு” என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

படியிறங்கும்போது அண்ணாச்சியின் குரல் கேட்டது. “ஏலே பாண்டி, வாங்குனவன் எவனோ, நல்லா இருக்கட்டும். நான் விட்டுக்குடுத்துட்டேன்.”

“நானுந்தான் அண்ணாச்சி” என்றார் பாண்டியராஜ்.

இருவரில் ஒருவர் பொய் சொன்னார்.

சந்தனச்செல்வி படத்தின் முன்னால் வந்து நின்றாள். தன் படத்தையே முதல்முறை பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினாள். “ஒருத்தரும் அசையலயேக்கா. எப்படி வித்துச்சு?”

பத்மஸ்ரீ பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே ஒரே ஒரு பல்பு. யாரோ இன்னும் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதுபோலச் சந்தனச்செல்விக்குத் தோன்றியது, ஆனால் நாற்காலிகள் காலி. சுத்தியல் விழுந்த பிறகும் விடாமல் அழுத்தியதில் அந்தச் சுவிட்ச் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

“வேணும்னா கை தூக்குங்கன்னு கேட்டோம், யாரும் தூக்கல” என்றாள். “இப்ப எல்லாரையும் ‘வேணும்’ங்கறதுல இருந்தே தொடங்க வச்சு, போதும்னா விரலை எடுங்கன்னு கேட்டோம். யார் எடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. கடைசியா எடுக்காதவருக்குப் படம். அவருக்கு முன்னாடி கடைசியா விரலை எடுத்தவர் எந்தத் தொகையில எடுத்தாரோ, அதுதான் விலை.”